சித்திரைச் சிறுமாரியும் தோட்டத்து வேலையும்: வாசகர் கேள்வி – பதில்

கொழும்பில் வேலை, வெளியூரில் காணி என்று இருக்கும் வாசகர்களிடமிருந்து பங்குனி பிறந்ததும் வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒன்றையே கேட்கின்றன: மழை தொடங்கிவிட்டது, எதை முதலில் செய்வது? இந்த முறை அவற்றுக்கே இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: குளியாப்பிட்டியில் 2 ஏக்கர் தென்னங்காணி இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறைதான் போக முடிகிறது. பங்குனிக் கடைசியில் நல்ல மழை ஒன்று பெய்ததும் பசளை போட்டுவிடலாமா?
(வாசகர், வத்தளை)

பதில்: பொறுங்கள். ஒரு மழை போதாது. மார்ச்சும் ஏப்ரலும் இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மாதங்கள். காலையில் வெயில் கொளுத்தும். பிற்பகல் 2 மணிக்கு மேல் இடியோடு ஒரு மணித்தியாலம் கொட்டித் தீர்க்கும். பிறகு நாலைந்து நாள் ஒரு துளியும் இருக்காது. காய்ந்து இறுகிய மண்ணில் அந்தத் தண்ணீர் ஊறாமல் மேலாலேயே ஓடிவிடும். மேல்மண் நனைந்ததை நம்பிப் பசளை எறிந்தால், யூரியாவில் ஒரு பங்கு அமோனியாவாகிக் காற்றோடு போகும். மிச்சத்தை அடுத்த மழை வாய்க்காலுக்கு அடித்துக்கொண்டு போகும்.

மரத்திலிருந்து 4 அடி தள்ளி மண்வெட்டியால் ஓர் அடி ஆழத்துக்கு வெட்டுங்கள். குழியின் அடியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் வைத்து இறுக்குங்கள். கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் இன்னும் காலம் வரவில்லை. உருண்டையாக நின்று, பெருவிரலால் தட்டும்போது இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் அதுதான் பதம். விரலிடுக்கால் சேறாகப் பிதுங்கினால் ஈரம் மிஞ்சிவிட்டது, இரண்டு நாள் விடுங்கள். குளியாப்பிட்டிப் பக்கத்தில் இந்தப் பதம் பெரும்பாலும் புத்தாண்டு கழிந்த பிறகே வரும். ஆகவே உங்கள் ஏப்ரல் பயணத்தை மாதக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

காய்க்கும் மரம் ஒன்றுக்கு ஆண்டுக்குக் கலவைப் பசளை 3 கிலோ. அதில் யூரியா 800 கிராம், பாறைப் பொஸ்பேற்று 600 கிராம், மியூரியேற் ஒஃப் பொட்டாஷ் 1,600 கிராம். 26 அடிக்கு 26 அடி நட்டிருந்தால் ஏக்கருக்கு 64 மரம். உங்கள் 128 மரத்துக்கும் 384 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை எட்டு. மரத்தை ஒட்டி ஓர் அடி விட்டு, அங்கிருந்து ஐந்தரை அடி வரைக்கும் வட்டமாகத் தூவி, 3 அங்குலம் கொத்தி மூடுங்கள். அதன்மேல் காய்ந்த ஓலையைப் பரப்புங்கள். மரத்துக்கு 1 கிலோ டொலமைற்றும் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள்) வேண்டும். ஆனால் அதே நாளில் போட வேண்டாம். அதன் காரத்தன்மை யூரியாவின் இழப்பைக் கூட்டும். இரண்டு கிழமை இடைவெளி விடுங்கள். இலையைப் பரிசோதித்து உங்கள் காணிக்கென்றே அளவு சொல்ல லுணுவிலவில் தென்னை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. எட்டு மூட்டைக்குக் காசு கொடுக்கும் முன்பு அதைச் செய்வது நல்லது.

பொச்சுமட்டை பற்றியும் ஒரு வார்த்தை. குழி வெட்டிப் புதைப்பதென்றால் குழிவான பக்கம் மேலே இருக்க அடுக்கி, ஒவ்வோர் அடுக்குக்கும் 2 அங்குலம் மண் போடுங்கள். பஞ்சுபோல ஈரத்தைப் பிடித்து வைக்கும். நிலத்தின்மேல் பரப்புவதென்றால் கட்டாயம் கவிழ்த்து வையுங்கள். மல்லாந்து கிடக்கும் ஒவ்வொரு மட்டையும் நுளம்புக்கு ஒரு தொட்டில். நீங்கள் இல்லாத நாட்களில் அந்த டெங்கு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் வரும்.

கேள்வி: புல்வெட்டும் இயந்திரம் இரண்டு மாதம் கிடந்த பிறகு இழுத்தாலும் இயங்குவதில்லை. பற்றையை அடியோடு வழித்துவிட்டால் அடிக்கடி வெட்டத் தேவையில்லைதானே?
(வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: தாங்கியில் விட்டுவைத்த பெற்றோல் பழையதாகிப் பிசினாகிக் காபரேற்றரின் சிறு துளையை அடைத்திருக்கும். பழையதை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கலந்து பாருங்கள். டூ ஸ்ட்ரோக் எண்ணெய் 1க்கு 50 என்றால் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், 1க்கு 25 என்றால் 40. எது என்பதை இயந்திரத்தின் கைநூல்தான் சொல்ல வேண்டும். எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் இறுகும். கூடினால் பிளக் கரிபிடிக்கும். இனிமேல் வேலை முடிந்ததும் தாங்கியை வெறுமையாக்கி, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள்.

அடியோடு வழிப்பது தவறு. ஏப்ரல் மழை வெறும் மண்ணில் விழுந்தால் மேல்மண்தான் முதலில் போகும். 3 அங்குலம் விட்டு வெட்டுங்கள். இளம் தென்னையைச் சுற்றி 2 அடிக்கு இயந்திரமே வேண்டாம், கத்தியால் செதுக்குங்கள். அலகு பட்ட காயத்தில்தான் செவ்வண்டு முட்டையிடும். சேதம் வெளியில் தெரியும்போது குருத்து சாய்ந்திருக்கும்.

கேள்வி: அவிசாவளையில் உள்ள கிணற்றைப் புத்தாண்டுக்கு முன் இறைக்க நினைக்கிறோம். சரியான காலமா?
(வாசகர், வெள்ளவத்தை)

பதில்: சரியான காலம். அந்தப் பக்கத்தில் பெப்ரவரி, மார்ச்சில்தான் நீர் அடியில் இருக்கும். வவுனியாவில் காணி உள்ளவர்கள் ஓகஸ்ட், செப்ரெம்பர் வரை பொறுக்கலாம்.

பெற்றோல் பம்பை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்க வேண்டாம். அதன் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. இறங்கியவர் மயங்குவார், தூக்கப் போனவரும் மயங்குவார். மெழுகுதிரி கொளுத்தி இறக்கிப் பார்ப்பது ஒட்சிசன் குறைவைக் காட்டலாம், இந்த வாயுவைக் காட்டாது. பம்ப் வெளியில், இறங்குபவர் இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர்.

சேறு வாரி, நீர் ஊறிய பிறகு குளோரின் இடுங்கள். 5 அடி விட்டம், 10 அடி நீர் என்றால் ஏறத்தாழ 5,560 லீற்றர். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற கணக்கில் 30 சதவீத வெளிற்றும் தூள் 930 கிராம் அளவில் வேண்டும். பொதி உடைத்து நாளான தூள் வலுவிழந்திருக்கும், புதிதாக வாங்குங்கள். வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிவை மட்டும் ஊற்றுங்கள். வாளியை மேலும் கீழும் விட்டுக் கலக்குங்கள். 12 மணித்தியாலம் யாரும் அள்ளக் கூடாது. பின்பு மணம் போகும்வரை இறைத்துவிடுங்கள். அந்த நீரை வாழைக்கும் மீன்தொட்டிக்கும் விடாதீர்கள். நீரைப் பரிசோதித்து முடிவு வரும்வரை கொதிக்க வைத்தே குடியுங்கள்.

கேள்வி: வேலிக்குக் கதியால் நட எந்த மாதம் நல்லது?
(வாசகர், தெஹிவளை)

பதில்: சீமைக்கிளுவை என்றால் மே மாதம், மழை நிலைத்த பிறகு. மணிக்கட்டுப் பருமனான முதிர்ந்த கொப்பு, 6 அடி நீளம், அடிப்பக்கம் சரிவான வெட்டு. ஓர் அடி ஆழத்தில், 3 அடிக்கு ஒன்று. தலைகீழாக நட்டுவிட்டு முளைக்கவில்லை என்று எழுதுபவர்கள் உண்டு. வெட்டும்போதே அடியில் அடையாளம் இடுங்கள்.

கேள்வி: இடி இடிக்கும்போது வேலையாட்களை எப்போது நிறுத்துவது?
(வாசகர், மட்டக்குளி)

பதில்: மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள். 3 விநாடிக்கு ஒரு கிலோமீற்றர். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குள் போக வேண்டும், தென்னைக்குக் கீழே அல்ல. கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் கழிந்த பிறகே திரும்ப இறங்கலாம். மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் வெளிவேலையைக் காலை 6 மணிக்குத் தொடங்கி மதியத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். கூலியை அதற்கேற்பப் பேசுங்கள்.