லிங்க் செத்ததா, தூங்குகிறதா? டெர்மினல் கேள்வி பதில்

பழைய தமிழ் வலைப்பூக்கள், மின்னூல்கள் என்று சேர்த்த லிங்க் பட்டியல் ஒன்றைப் பல வருடமாக ஒரே டெக்ஸ்ட் கோப்பில் பராமரிக்கிறேன். லிங்க் இன்னும் திறக்கிறதா என்று சரிபார்க்க உதவுவது லைச்சீ என்ற திறமூலக் கருவி. ரஸ்ட் என்ற நிரல் மொழியில் எழுதியது, கட்டளை தட்டி இயக்கும் டெர்மினலில் ஓடுவது. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் இது. கட்டளைகளைத் தமிழெழுத்தில் சொல்கிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, என்னிடம் 2,000 லிங்க் எக்செல்லில் இருக்கிறது. அப்படியே கொடுக்கலாமா?

வேண்டாம். டேப் பிரித்த டெக்ஸ்ட் கோப்பாக மாற்றுங்கள். காற்புள்ளி லிங்கின் உள்ளேயே வரலாம் என்பதால், காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வி கோப்பு தலைவலி. சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்ற யுனிகோட் குறியேற்றம் இல்லையென்றால் தமிழ்த் தலைப்பெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

இன்னொன்று, விண்டோஸில் சேமித்த கோப்பில் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து கூடுதலாக ஒட்டியிருக்கும். வரி வரியாக எடுத்து, டெர்மினலிலிருந்தே பக்கத்தை எடுத்துவரும் கர்ல் கருவிக்குக் கொடுத்தால் அதுவும் லிங்கின் வாலில் தொங்கிக்கொண்டு போகும். நல்ல லிங்க் எல்லாம் பிழை என்று வரும். முதலில் அந்த எழுத்தை நீக்கும் டாஸ்2யூனிக்ஸ் கருவியை ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

கேள்வி: நெட் இல்லாமல் கோப்பை மட்டும் சரிபார்க்க முடியுமா? லைச்சீயில் ஆஃப்லைன் என்று ஒன்று இருக்கிறதே?

அது உங்களுக்கு உதவாது. ஆஃப்லைன் போட்டால் வெளி லிங்க் எதையும் அது தொடாது, வட்டில் உள்ள கோப்புகளை மட்டும் பார்க்கும். கோப்பின் கட்டமைப்பைப் பார்க்க, டெக்ஸ்டை வரி வரியாக அலசும் ஆக் என்ற கருவி போதும். என் கோப்பில் வரிக்கு நான்கு புலம்: லிங்க், தலைப்பு, கடைசியாகப் பார்த்த தேதி, குறிப்பு. நான்கு இல்லாத வரியின் எண்ணை மட்டும் அச்சிடு என்று ஒரு வரிக் கட்டளை வைத்திருக்கிறேன். பாதிப் பிழை அதிலேயே சிக்கிவிடும்.

கேள்வி: முதல் ஓட்டத்தில் 300 பிழை காட்டியது. மொத்தமாக அழித்துவிடலாமா மேடம்?

அழிக்காதீர்கள். நான் அழித்துப் பட்டவள். லைச்சீ தானாக ஒரே நேரத்தில் 128 கோரிக்கை வரை அனுப்பும். என் பட்டியலில் ஒரே மின்னூல் தளத்தின் லிங்க் நாற்பதுக்கு மேல் இருந்தன. அத்தனையும் ஒரே மூச்சில் கதவைத் தட்ட, அந்தத் தளம் 429 என்ற பதில் எண்ணைத் திருப்பி அனுப்பியது. ‘ரொம்பக் கேட்கிறாய், கொஞ்சம் பொறு’ என்பதுதான் அதன் அர்த்தம். நானோ பிழைக் குறியை மட்டும் பார்த்து எல்லா வரியையும் வெட்டிவிட்டேன். கோப்பின் பழைய வடிவங்களைச் சேமித்து வைக்கும் கிட்டில் அது இருந்ததால் தப்பித்தேன்.

எண்ணைப் பாருங்கள். 410 என்றால் வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள். 404 அநேகமாகப் போய்விட்டது. 403 வந்தால் பிரவுசரில் திறந்து பாருங்கள், பல தளங்கள் கருவிகளை மட்டும் விரட்டும். 500 அல்லது அதற்கு மேல் என்றால் அவர்கள் வீட்டுக் கோளாறு, நாளை சரியாகலாம். ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கை என்று சொல்லும் மேக்ஸ் கன்கரன்சியை 4 என்று வைத்து மறுபடி ஓட்டுங்கள். 300 எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள்.

கேள்வி: விண்டோஸில் ஓடுமா?

ஓடும். விண்டோஸில் மென்பொருள் நிறுவ உதவும் ஸ்கூப் வழியாகப் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: வரிசைப்படுத்தி, இரட்டை வரிகளை நீக்கும் யூனிக் கட்டளையை ஓட்டியும் ஒரே லிங்க் இரண்டு முறை நிற்கிறது. எழுத்துக்கு எழுத்து ஒன்றாகத்தான் தெரிகிறது!

கண்ணுக்குத்தான் ஒன்று. லிங்கில் ‘கோவில்’ என்று இருக்கிறதா? யுனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாக எழுதலாம்: க-வுக்குப் பின் ஓகாரக் குறி ஒன்றே ஒன்று; அல்லது ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் வித்தியாசமே தெரியாது, கணினிக்கு வேறு வேறு. ஐசியூ என்ற யுனிகோட் மென்பொருள் தொகுப்போடு வரும் யூகான்வ் கருவியில், என்எஃப்சி என்ற சேர்த்தெழுதும் வடிவத்துக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகும்.

இது போதாதென்று, பிரவுசரிலிருந்து நகலெடுத்தால் விழுக்காட்டுக் குறி போட்ட நீள வடிவம் வரும். ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு யுனிகோடில் ஐந்து குறியீடு, ஒவ்வொன்றும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாக விரியும். ஆக மொத்தம் 45 எழுத்து! முதலில் அதை அவிழ்த்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: மூல லிங்கையே என்எஃப்சிக்கு மாற்றி எழுதிவிடாதீர்கள். எதிர்ப்பக்கச் சர்வர் பழைய வடிவத்தில்தான் பெயரை வைத்திருக்கலாம், மாற்றினால் நல்ல லிங்கே 404 ஆகும். ஒப்பிடுவதற்கென்று தனிப் புலம் ஒன்று சேருங்கள், மூலத்தைத் தொடாதீர்கள்.

கேள்வி: லைச்சீ 200 என்கிறது, திறந்தால் வேறு ஏதோ தளம். இதை எப்படிப் பிடிப்பது?

200 என்றால் யாரோ பதில் சொன்னார்கள், அவ்வளவுதான். பாசுரம் இருந்த இடத்தில் ரம்மி விளம்பரம் வந்தாலும் 200தான். டொமைன் காலாவதியாகி வேறு ஆள் வாங்கிவிட்டால் இப்படித்தான். பக்கத் தலைப்பைக் கர்லில் எடுத்து, கோப்பில் உள்ள தலைப்போடு ஒப்பிடும் சிறு ஸ்கிரிப்ட் எழுதிக்கொள்ளுங்கள். மாறியதை மட்டும் கண்ணால் பாருங்கள். உள்பக்க லிங்க் எல்லாம் முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிடப்பட்டாலும் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: ஜியோசிட்டீஸ் லிங்க் நிறைய வைத்திருக்கிறேன் அக்கா. மனசு வரவில்லை.

இலவசமாக வலைத்தளம் வைக்க இடம் தந்த அந்தச் சேவையை யாகூ 2009 அக்டோபரில் மூடிவிட்டது, இனி அந்த முகவரி திறக்காது. லைச்சீயில் சஜஸ்ட் போட்டால் செத்த லிங்குக்கு வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் நகல் இருக்கிறதா என்று தேடிச் சொல்லும். நகல் கிடைத்து, திறந்தால் தமிழுக்குப் பதில் கிறுக்கல் தெரிகிறதா? திஸ்கி போன்ற பழைய குறியேற்றமாக இருக்கும். குறியேற்றத்தை மாற்றித் தரும் கருவி ஒன்றைக் கொண்டு படிக்கலாம். குறிப்புப் புலத்தில் ‘திஸ்கி’ என்று எழுதிவையுங்கள். அடுத்த முறை பார்ப்பவர் கெட்டுப்போன பக்கம் என்று நினைக்க மாட்டார்.

கேள்வி: தானியங்கியாக ஓட்டினால் பிழை லிங்கா, என் அமைப்பா என்று எப்படித் தெரியும்?

லைச்சீ ஓடி முடியும்போது தரும் வெளியேறும் எண்ணைப் பாருங்கள். 0 என்றால் எல்லாம் சரி, 2 என்றால் லிங்க் தவறு, 3 என்றால் அமைப்புக் கோப்பிலேயே பிழை.

கேள்வி: கடைசியில் எப்போதுதான் அழிப்பீர்கள்?

அழிப்பதில்லை. வாரம் ஒருமுறை ஓட்டுவேன். தொடர்ந்து மூன்று வாரம் 404 வந்தால் தேதி போட்டு ‘இறந்தவை’ என்ற தனிக் கோப்புக்கு நகர்த்துவேன். அந்தக் கோப்பையும் அவ்வப்போது ஓட்டிப் பார்ப்பதுண்டு. போன முறை அதிலிருந்து இரண்டு லிங்க் எழுந்து வந்தன. ஒரு வலைப்பூக்காரர் ஹோஸ்டிங் பணம் கட்ட மறந்திருந்தாராம்.