மதினியின் பெயர் சாட்சியில் வரவில்லை

கேள்வி: என் கணவர் இருதய ஆபரேஷனுக்காகப் பாளையங்கோட்டையில் 19 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் அவரோடு இருந்தேன். பிள்ளைகளை அவருடைய அக்காதான் பார்த்துக்கொண்டார்கள். தினமும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, பஸ் ஏறி, தூக்குவாளியில் கஞ்சியும் கொண்டுவருவார்கள். அவர் சுகமாகி வந்ததும் ஆலயத்தில் ஸ்தோத்திர காணிக்கை படைத்து, ஆண்டவர் செய்த நன்மையைச் சபையார் முன் சாட்சியாகச் சொன்னேன். அன்றிலிருந்து மதினி முகம்கொடுத்துப் பேசுவதில்லை. "என் பேரு ஒரு வார்த்தை வரலையே" என்றார்களாம். மகிமை தேவனுக்கு மட்டும்தானே? அவர்கள் தூக்குவாளிகூட இன்னும் என் அடுப்படியில்தான் கிடக்கிறது.
- வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்பு சகோதரி, உங்கள் கணவர் வீடு திரும்பியதற்காக ஆண்டவரை ஸ்தோத்திரிக்கிறேன். உங்கள் பயமும் எனக்குப் புரிகிறது. "என் மகிமையை வேறொருவனுக்கும் கொடேன்" என்ற ஏசாயா 42:8 மனதில் இருக்கும். ஆனால் அதே வசனம் அடுத்து விக்கிரகங்களைச் சொல்கிறது. கஞ்சி கொண்டுவந்த மதினியை அல்ல.

அப்போஸ்தலன் பவுலைப் பாருங்கள். மக்கெதோனியாவில் "புறம்பே போராட்டங்களும் உள்ளே பயங்களும்" என்று தவித்திருந்தார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நீங்கள் நின்ற நிலையும் அதுதானே? அடுத்த வசனத்தில், தேவன் தனக்கு ஆறுதல் செய்தார் என்கிறார். எப்படி? உடன் ஊழியன் தீத்து வந்து சேர்ந்ததினாலே. ஆறுதல் தேவனுடையது, வந்து நின்றவன் தீத்து. இரண்டையும் ஒரே மூச்சில் எழுதுவதில் பவுலுக்குத் தயக்கமே இல்லை.

பிலிப்பி சபையாருக்குச் சிறையிலிருந்து எழுதும்போதோ கணக்கே வைத்திருக்கிறார். தெசலோனிக்கேயில் இருந்தபோது இரண்டொருதரம் அனுப்பினீர்கள், இப்போது நீங்கள் அனுப்பிய எப்பாப்பிரோதீத்து கையில் வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். அதைத் தேவனுக்குப் பிரியமான சுகந்த பலி என்றும் சொல்கிறார். அப்படியானால் அந்தத் தூக்குவாளியும் காணிக்கைதான். உங்கள் கவரில் இருந்த பணத்துக்கு முன்பே, 19 நாளும் படைக்கப்பட்டது.

மதினி மேடையில் பெயர் கேட்டுக் கோபித்ததாக எனக்குத் தோன்றவில்லை. தான் பட்ட பாட்டை நீங்கள் பார்த்தீர்களா என்றுதான் கேட்கிறார்கள்.

ஆகவே நேரில் போங்கள். போனில் வேண்டாம். கணவரும் வரட்டும், அவர் பேசவேண்டியதும் இருக்கிறது, கூடப்பிறந்த அக்கா அல்லவா? நம் வீடுகளில் 'நன்றி' என்று சொல்லிப் பழக்கமில்லை. சொன்னால் கூட்டம் முடிந்து நன்றியுரை வாசிப்பதுபோல இருக்கும், அந்நியமாகவும் படும். அந்த வார்த்தை வராவிட்டால் விட்டுவிடுங்கள். பார்த்ததைச் சொல்லுங்கள். "மதினி, அத்தனை நாளும் வெயில்ல பஸ் ஏறி வந்தீங்க. புள்ளைங்க ஒரு நாள்கூட அம்மாவைத் தேடி அழல. நீங்க இல்லேன்னா நான் அவுக பக்கத்துல இருந்திருக்க முடியாது." இவ்வளவு போதும்.

"ஆண்டவர் உங்களைப் பயன்படுத்தினார்" என்று ஆரம்பிக்காதீர்கள். அது உண்மைதான். ஆனால் இன்றைக்கு அவர்கள் காதில், 'நீங்களாக ஒன்றும் செய்யவில்லை' என்றே விழும். அதைக் கடைசியில், மூவரும் சேர்ந்து ஜெபிக்கும்போது அவர்கள் பெயரைச் சொல்லி ஸ்தோத்திரமாகச் சொல்லுங்கள். சாட்சியில் ஏன் விட்டுப்போனது என்று விளக்கம் கொடுக்கவேண்டாம். "தப்புதான் மதினி" என்றால் முடிந்தது. புடவை எடுத்துக்கொண்டு போவதையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். கிறிஸ்துமஸுக்கு எடுத்துக்கொடுங்கள், இப்போது கொடுத்தால் கூலிபோல இருக்கும்.

சபையில் திரும்பவும் சொல்லவேண்டுமா என்பதை மதினியிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வீட்டு ஜெபத்தில் மட்டும், அன்றைக்கு உங்களுக்கு உதவிய ஒருவருடைய பெயரையாவது பிள்ளைகள் சொல்லட்டும், பால்காரரானாலும் சரி.

அந்தத் தூக்குவாளியை விளக்கி எடுத்துக்கொண்டு போங்கள். வெறும் வாளியாகக் கொடுக்காமல், மதினிக்குப் பிடித்ததைச் செய்து நிரப்பிக் கொண்டுபோங்கள்.