பழைய மியூசிக் பிளேயருக்குக் கைவேலை: கேள்வி பதில்

பாக்கெட் பிளேயர், வாக்மேன், இயர்போன் எதுவானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி: பாட்டில் பாடுபவரின் குரல் மட்டும் காணாமல் போகிறது. வாத்தியங்கள் எங்கோ தூரத்தில் கேட்கின்றன. இயர்போன் பின்னை ஒரு பக்கமாக அழுத்தினால் சரியாகிறது. பிளேயர் போய்விட்டதா?

பதில்: பிளேயர் பிழைத்துக்கொள்ளும். கிரவுண்ட் இணைப்பு விட்டிருக்கிறது. இடது, வலது இரண்டு ஸ்பீக்கருக்கும் மின்சாரம் திரும்பும் பொது வழி அதுதான். அது விட்டால் ஒரு ஸ்பீக்கர் வழியாகப் போகும் மின்சாரம் இன்னொன்றின் வழியாகத் திரும்புகிறது. அப்போது இடது, வலது இரண்டு சேனலின் (தனித்தனி ஒலிப் பாதைகளின்) வித்தியாசம் மட்டுமே காதில் விழும். குரலைப் பெரும்பாலும் இரு பக்கமும் சமமாக வைத்துத்தான் பதிவு செய்கிறார்கள், அதனால் அது கழிந்துவிடுகிறது.

முதலில் வேறொரு இயர்போனைச் சொருகிப் பாருங்கள். அதிலும் இதே கதை என்றால் கோளாறு பிளேயரின் ஜாக்கில். பிளேயரை அணைத்துவிட்டு, பல்குத்தும் குச்சியால் உள்ளே அடைந்திருக்கும் பஞ்சை மெல்ல எடுங்கள். பல சமயம் அதோடு முடிந்துவிடும்.

கோளாறு இயர்போனில் என்றால் புதுப் பின் போட வேண்டும். பழைய பின்னுக்குச் சற்று மேலே கம்பியை வெட்டினால் தலைமுடி போன்ற நிற இழைகள் தெரியும். பொதுவாக சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் கிரவுண்ட். எல்லோரும் இப்படியே போடுவதில்லை என்பதால் மல்டிமீட்டரில் (மின் இணைப்பை அளந்து பார்க்கும் கருவி) சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்த நிறம் உண்மையில் மின்சாரம் கடத்தாத எனாமல் பூச்சு. அதை நீக்காமல் சால்டர் (உருக்கி ஒட்டும் ஈயம்) வைத்தால் ஒட்டியது போலத் தெரியும், ஆனால் மின்சாரம் போகாது. சால்டரிங் அயர்ன் முனையில் புது ஈயத்தை ஒரு பொட்டாக உருக்கி, இழையின் நுனியை அதற்குள் பிடியுங்கள். பூச்சு கருகி, நுனி வெள்ளி போல மின்னும் வரை காத்திருங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். அப்புறம் ஒன்று: பின்னின் மூடியைக் கம்பியில் முதலிலேயே கோத்துவிடுங்கள், சால்டர் செய்த பிறகு அது நுழையாது.

கேள்வி: மைக் உள்ள இயர்போனைப் பழைய பிளேயரில் போட்டாலும் குரல் போய்விடுகிறது. மைக் பட்டனை அழுத்திப் பிடித்தால் குரல் திரும்புகிறது. மாயமாக இருக்கிறதே?

பதில்: அதே கிரவுண்ட் விஷயம்தான். மைக் உள்ள பின்னில் நாலு உலோகப் பட்டைகள், சாதாரணப் பின்னில் மூன்று. சில ஜாக்குகளில் கிரவுண்ட் முனை தவறிப் போய் மைக் பட்டையைத் தொடும். பட்டனை அழுத்தும்போது மைக்கும் கிரவுண்டும் ஒன்றாகிவிடுவதால் பாட்டு முழுதாகக் கேட்கிறது. மூன்று பட்டைப் பின் உள்ள இயர்போன் போட்டால் தொல்லை இல்லை.

கேள்வி: 9 வோல்ட் பேட்டரியும் வோல்டேஜை 5-ஆகக் குறைக்கும் 7805 ஐசியும் வைத்து யுஎஸ்பி சார்ஜர் செய்யலாமா?

பதில்: செய்யலாம், வேண்டாம் என்பேன். 9 வோல்ட்டை 5 ஆக்க, மீதி 4 வோல்ட்டை அந்த ஐசி சூடாக்கி வீணடிக்கிறது. கிட்டத்தட்ட பாதி பேட்டரி அதிலேயே போய்விடும். இரண்டு ஏஏ செல்லும், 5 வோல்ட்டுக்கு ஏற்றித் தரும் பூஸ்ட் கன்வெர்ட்டரும் போதும். அமெரிக்க மின்னணுப் பொறியாளர் லிமோர் ஃப்ரீட் வடிவமைத்த மின்டிபூஸ்ட் என்ற யுஎஸ்பி சார்ஜர் இந்த வழியில்தான் வேலை செய்கிறது, மிட்டாய் டப்பாவுக்குள் அடங்கிவிடும். செய்த பிறகும் சார்ஜ் ஏறவில்லையா? சில பிளேயர்கள் யுஎஸ்பியின் இரண்டு டேட்டா முனைகளிலும் குறிப்பிட்ட வோல்டேஜ் இருந்தால்தான் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். ரெசிஸ்டர்கள் வைத்து அதைக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: ஐபாட் கிளாசிக்கில் ஹார்ட் டிஸ்க் 'கிளிக் கிளிக்' என்கிறது. மெமரி கார்டு மாற்றலாமா?

பதில்: தாராளமாக. 1.8 இஞ்ச் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்டி கார்டு அடாப்டர் போர்டு போட்டால் எடை குறையும், அதிர்ச்சியும் தாங்கும். வாங்கும் முன் மாடலைப் பாருங்கள். 2007, 2008 கிளாசிக்குகளின் மென்பொருள் 128 ஜிபிக்கு மேல் கையாளாது. 2009 மாடலுக்கு அந்தத் தடை இல்லை. கிளாசிக்குக்கு முன் 2005-இல் வந்த ஐந்தாம் தலைமுறை ஐபாட்டில் 30 ஜிபி மாடலுக்கு 32 எம்பி ராம்தான், ஆயிரக்கணக்கில் பாட்டை ஏற்றினால் திணறும். ராக்பாக்ஸ் என்ற இலவச மாற்று மென்பொருளைப் போட்டால் ஃபோல்டர் வாரியாகவே கேட்கலாம், ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கிய ஒலி) ஃபைலும் ஓடும். மூடியைத் திறக்கும்போது ரிப்பன் கேபிள் கிழியாமல் இருக்கட்டும். வேகமாக இழுக்கவே கூடாது.

கேள்வி: பேட்டரி உப்பி, திரை மேலே எழும்புகிறது. அழுத்தி மூடிவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், இரும்புக் கருவியால் நெம்பாதீர்கள். லித்தியம் பேட்டரியில் துளை விழுந்தால் தீப்பிடிக்கும். பிளாஸ்டிக் தகடால் மெதுவாகக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள், தயக்கம் இருந்தால் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். கழற்றியதைக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் சேருங்கள்.

கேள்வி: பாட்டு ஓடாதபோதும் இயர்போனில் 'உஸ்' என்கிறது.

பதில்: பிளேயரின் மெல்லிய இரைச்சலையும் கேட்க வைக்கும் அளவுக்கு இயர்போன் கூர்மையானது. சேனலுக்கு ஒன்றாக 75 ஓம் ரெசிஸ்டர் வைத்த சிறு அடாப்டர் செய்து நடுவில் போடுங்கள். இரைச்சலும் பாட்டும் சேர்ந்தே குறையும், பிறகு வால்யூமை ஏற்றினால் பாட்டு மட்டும் மேலே வரும். ஒரு காதில் பல டிரைவர் (ஒலியெழுப்பும் குட்டி ஸ்பீக்கர்) உள்ள இயர்போன் என்றால் ஒலியின் தன்மை மாறக்கூடும், கேட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: காரில் சார்ஜ் போட்டுக்கொண்டே ஆக்ஸ் கேபிளில் கேட்டால் ஒரு முனகல்.

பதில்: சார்ஜரைப் பிடுங்கியதும் நிற்கிறதா? அப்படியென்றால் கிரவுண்ட் லூப், அதாவது சார்ஜர் வழியாகவும் ஆக்ஸ் கேபிள் வழியாகவும் கிரவுண்ட் இரண்டு தடவை இணைந்து வளையமாகிவிட்டது. ஆக்ஸ் கேபிளுக்கு நடுவே கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்று போட்டால் சரி.