பின் நம்பர்னு எழுதுறது தப்பா? எதை வெட்டலாம், எதை விட்டுடணும்

கேள்வி: தென் ஆப்பிரிக்கால டர்பன் சாட்ஸ்வொர்த்ல ஒரு கோயில் கமிட்டிக்கு நான் செக்ரட்டரி. தமிழ் வாசிக்கத் தெரிஞ்சவங்க இப்ப கொஞ்சம் பேருதான், அதனால நோட்டீஸ் எல்லாம் இங்கிலீஷ்ல எழுதுறேன். யூனிவர்சிட்டில படிக்கிற என் மகன் அதுல பாதிய சிவப்புல அடிச்சுடுறான். 'ரிட்டர்ன் பேக்', 'ஃப்ரீ கிஃப்ட்', 'பின் நம்பர்', 'நவ் நவ்' எல்லாமே ஒன்னையே ரெண்டு தடவ சொல்றதாம். கோயில் கான்ஸ்டிடியூஷன, அதாவது கோயிலோட சட்டதிட்டத்த, புதுசா எழுதுறோம், அதுல 'செல்லாது'ங்கிறதுக்குப் போட்டிருக்கிற 'நல் அண்ட் வாய்ட்'டையும் வெட்டணும்ங்குறான். வெட்டிடவா?

பதில்: அக்கா, எல்லாத்தையும் வெட்டிடாதீங்க. தம்பி பிடிச்சதுல சிலது ரொம்ப சரி, சிலது பாதி சரி, 'நவ் நவ்' விஷயத்துல மட்டும் அவர் சொல்றது சுத்தமா தப்பு. நான் நோட்டீஸ் திருத்தும்போது பார்க்கிறது ஒன்னே ஒன்னு, அந்த வார்த்தைய எடுத்துட்டுப் படிச்சா படிக்கிறவருக்கு ஏதாவது குறையுதா. குறையலன்னா எடுத்துடலாம், குறைஞ்சா ரெண்டாவது தடவ சொன்னதாவே இருந்தாலும் அங்க அதுக்கு ஒரு வேல இருக்குன்னு அர்த்தம்.

முதல்ல தம்பி பக்கம் நியாயம் இருக்கிறத சொல்லிடுறேன். 'ரிட்டர்ன் த ஃபார்ம் பேக்', 'ரிப்ளை பேக்', 'ரிவர்ட் பேக்', இதுல எல்லாம் 'பேக்' சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கு, ஏன்னா திரும்பங்கிறது முதல் வார்த்தைலயே வந்துடுச்சு, எடுத்துடுங்க. 'ஃப்ரீ கிஃப்ட்', 'ஆடட் போனஸ்', 'க்ளோஸ் ப்ராக்ஸிமிட்டி', 'அட்வான்ஸ் ப்ளானிங்' இதுங்களும் அப்படித்தான், காசு வாங்கிட்டுக் குடுக்கிற கிஃப்ட் எங்கயும் கிடையாது. 'டிஸ்கஸ் அபௌட்' வேற கணக்கு, அது இலக்கணத் தப்பு, 'டிஸ்கஸ்'க்கு அடுத்து நேரா விஷயம் வரணும், 'வீ வில் டிஸ்கஸ் த காவடி பட்ஜெட்'னு எழுதினா போதும்.

ஆனா பழக்கத்துல கை தானா வெட்ட ஆரம்பிச்சுடும், அங்கதான் கவனமா இருக்கணும். 'ரிபீட் அகேன்' எல்லா இடத்துலயும் தப்பு இல்ல, ஒரு அறிவிப்ப ஏற்கனவே ஒரு தடவ ரிபீட் பண்ணிட்டு இன்னொரு தடவையும் பண்ணச் சொன்னா 'அகேன்' அங்க இருக்கத்தான் வேணும். 'எண்ட் ரிசல்ட்'டும் அப்படித்தான், நடுவுல ஒரு ரிசல்ட் வந்திருந்தா, மேட்ரிக்குக்கு முன்னாடி ட்ரையல் எக்ஸாம் மார்க் வருதே அந்த மாதிரி, கடைசியா வர்றத தனியா பிரிச்சு சொல்லணும்ல. இந்த மாதிரி நோண்டி நோண்டிப் பார்க்கிறது வேண்டாத வேலன்னு சிலர் சொல்லுவாங்க, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும், ஏன்னா அப்படிப் பார்க்கும்போதுதான் ஒரு வார்த்தை எதுக்கு அங்க உட்கார்ந்திருக்குன்னு புரியும்.

கோயில் நோட்டீஸ்ல நிஜமா பிரச்சினை பண்றது நேரம். '10 ஏஎம் இன் த மார்னிங்' கூடுதல், ஆனா யாரும் தப்பான நேரத்துக்கு வந்துட மாட்டாங்க. '18:00 பிஎம்'னு போடுறதும் அடிக்கடி கண்ணுல படுது, நம்ம நாட்டுல 24 மணி நேரக் கணக்கு பழக்கம், 18:00 போட்டா போதும், பிஎம் வேண்டாம். '12 மிட்நைட்'ல 12 கூடுதல்தான்னு வைங்க. ஆனா 12 பிஎம்னு மட்டும் எழுதினா பாதிப் பேருக்கு அது பகலா ராத்திரியான்னே தெரியாது, அந்த இடத்துல '12 நூன்', '12 மிட்நைட்'னு கூடுதலா எழுதுறதுதான் ஆள காப்பாத்துது. சிவராத்திரி நோட்டீஸ்ல இதுக்கும் மேல ஒரு சிக்கல் இருக்கு, 'மிட்நைட் ஆன் சாட்டர்டே'ன்னு போட்டா அது வெள்ளிக்கிழமை ராத்திரி முடியிற நேரமா சனிக்கிழமை ராத்திரி முடியிற நேரமா? ரெண்டு விதமாவும் புரிஞ்சுக்கலாம், ரெண்டு விதமாவும் புரிஞ்சுக்கிட்டுத்தான் ஜனங்க வருவாங்க. 'சாட்டர்டே நைட் இண்டு சண்டே மார்னிங்'னு நீட்டி எழுதுங்க, இங்க கஞ்சத்தனம் வேண்டாம்.

இப்ப பின் நம்பர். பின்னுங்கிறதே பர்சனல் ஐடென்டிஃபிகேஷன் நம்பரோட சுருக்கம், அதனால கடைசில இன்னொரு நம்பர் வருதுங்கிறது உண்மை. ஏடிஎம் மெஷின்ல எம்மே மெஷின், வாட் டாக்ஸ்ல டி டாக்ஸ், எச்ஐவி வைரஸ்ல வி வைரஸ், எல்சிடி டிஸ்ப்ளேல டி டிஸ்ப்ளே, ஜிபிஎஸ் சிஸ்டம்லயும் இதே கதை. 'ப்ளீஸ் ஆர்எஸ்விபி'யும் இதுல சேரும், அந்த எஸ்விபி மூணும் பிரெஞ்சுல தயவுசெய்துங்கிறதுதான். ஆனா தம்பி ஒன்ன யோசிக்கணும், சுருக்கம் ஊரெல்லாம் பரவினதுக்கு அப்புறம் அந்த எழுத்துங்கள யாரும் விரிச்சுப் பார்க்கிறது இல்ல, அது தனி வார்த்தையா ஆயிடுது. அதுவும் போக பின்னுன்னா குத்துற பின்னும் இருக்கு, எழுதுற பென்னும் ஃபோன்ல கிட்டத்தட்ட அப்படியேதான் கேட்கும், பென்ஷன் வாங்கப் போற பாட்டிகிட்ட 'பின் நம்பர்'னு சொன்னா ஒரு தடவைலயே புரியும். பேச்சுல விட்டுடுங்க, ஃபார்ம்லயும் நோட்டீஸ்லயும் பின்னுன்னு மட்டும் போட்டா அழகா இருக்கும், அவ்வளவுதான்.

மொழி விட்டு மொழி வந்த பேருங்களையும் சேர்த்து விட்டுடுங்க. ட்ராக்கன்ஸ்பெர்க்ல பெர்க்னா ஆஃப்ரிகான்ஸ்ல மலைதான், கணக்குப் பார்த்தா 'ட்ராக்கன்ஸ்பெர்க் மவுண்டன்ஸ்'ல மலை ரெண்டு தடவ வருது, ஆஃப்ரிகான்ஸ் தெரியாதவருக்கு அந்த மவுண்டன்ஸ் தானே வழி காட்டும். 'நான் பிரெட்'டும் அதே மாதிரி, அந்த 'நான்'ங்கிறதே ரொட்டிதான்.

'நவ் நவ்'க்கு வர்றேன். அதுல ஒரு 'நவ்'வ வெட்டினா அர்த்தமே மாறிப் போயிடும் அக்கா! இங்க 'ஐ வில் கம் நவ் நவ்'னா இன்னும் கொஞ்ச நேரத்துல வர்றேன்னு அர்த்தம், 'ஜஸ்ட் நவ்'னா அதுக்கும் மேல நேரம் ஆகும், எப்பன்னு சொல்ல முடியாது. ஆஃப்ரிகான்ஸ்ல 'நோ-நோ'ன்னு (nou-nou) சொல்றதுலருந்து தென் ஆப்பிரிக்க இங்கிலீஷ்க்கு வந்தது அது. நம்ம வீட்டு இங்கிலீஷ்ல 'ஹூ-ஹூ கேம்'னு கேட்கிறோம், 'கிவ் தெம் டூ-டூ'ங்கிறோம், அதுவும் வெறும் ரெட்டிப்பு இல்ல, யார் யாரு வந்தாங்க, ஆளுக்கு ரெண்டு ரெண்டுங்கிற நம்ம கணக்கு அதுல இருக்கு. கேப் டவுன் யூனிவர்சிட்டி மொழியியல் பேராசிரியர் ராஜேந்த் மேஸ்த்ரி தென் ஆப்பிரிக்க இந்தியர்களோட இங்கிலீஷ பத்தி 1992ல ஒரு முழு ஆராய்ச்சி நூலும், 2010ல ஒரு அகராதியும் கொண்டு வந்தாரு, தம்பி லைப்ரரில எடுத்துப் பார்க்கட்டும். வெளியாருக்குப் போற கடிதத்துல 'டூ ஈச்'னு எழுதுங்க, வீட்டுப் பேச்சுல சிவப்புப் பேனாவுக்கு வேலையே இல்ல.

கடைசியா கான்ஸ்டிடியூஷன். சட்ட இங்கிலீஷ்ல இந்த ஜோடி வார்த்தைங்க நிறைய இருக்கிறதுக்கு ஒரு பெரிய காரணம் உண்டு, 1066ல நார்மன்காரங்க இங்கிலாந்த பிடிச்சதுக்கு அப்புறம் கோர்ட்டுல பிரெஞ்சும் லத்தீனும் நுழைஞ்சுது, அதனால பல இடத்துல இங்கிலீஷ் வார்த்தையும் பிரெஞ்சு வார்த்தையும் பக்கத்துல பக்கத்துல நின்னுது. 'வில் அண்ட் டெஸ்டமென்ட்', 'குட்ஸ் அண்ட் சாட்டல்ஸ்' ரெண்டுலயும் முதல் வார்த்தை இங்கிலீஷ், அடுத்தது வெளில இருந்து வந்தது. இன்னைக்கு 'வில்'னு மட்டும் எழுதினாலும் செல்லும், நம்ம நாட்டு 1953 உயில் சட்டத்தோட பேர்லயே டெஸ்டமென்ட் கிடையாது. 'நல் அண்ட் வாய்ட்'ல 'வாய்ட்' மட்டும் வச்சாலும் அதே அர்த்தம்தான். ஆனா 'சீஸ் அண்ட் டெசிஸ்ட்' அப்படி இல்ல, முதலாவது இப்பவே நிறுத்துங்கிறது, ரெண்டாவது இனிமேலும் செய்யாதங்கிறது. 'இன்டெம்னிஃபை அண்ட் ஹோல்ட் ஹார்ம்லெஸ்' மாதிரி பணப் பொறுப்பு சம்பந்தப்பட்ட ஜோடிய வக்கீல் பார்க்காம தொடவே தொடாதீங்க, அந்த ரெண்டும் ஒன்னா வேறயான்னு வக்கீல்களே சண்டை போடுற இடம் அது. எளிமையா எழுதணும்ங்கிற தம்பியோட எண்ணம் நல்லது, 2008 கன்ஸ்யூமர் ப்ரொடெக்ஷன் சட்டமே 22வது பிரிவுல சாதாரண ஆளுக்குப் புரியிற மொழி வேணும்னு கடைக்காரங்களக் கேட்குது. அதனால அவரயே ஒரு பட்டியல் போடச் சொல்லுங்க, எந்த ஜோடிய வெட்டணும், ஏன்னு ஒரு வரி எழுதட்டும், அத வக்கீல்கிட்ட குடுங்க, அவர் சரின்னு சொன்னத மட்டும் கூட்டத்துல வச்சு தீர்மானம் போடுங்க. கோயில் என்பிஓவா, அதாவது லாப நோக்கமில்லாத அமைப்பா, பதிவாகியிருந்தா தீர்மானத்தோட காப்பிய சோஷியல் டெவலப்மென்ட் டிபார்ட்மென்ட்டுக்கு அனுப்பணும், அத விட்டுடாதீங்க.

தம்பிக்கு இன்னொன்னும் சொல்லுங்க. சுருக்கத்துக்குப் பின்னால அதே வார்த்தை மறுபடி வர்ற இந்தப் பழக்கத்துக்கு 2001ல நியூ சயின்டிஸ்ட் பத்திரிகைல ஒரு பேரு வச்சாங்க, ராஸ் சிண்ட்ரோம். அந்த ராஸ்ல கடைசி எஸ் எதைக் குறிக்குதுன்னு அவரே கண்டுபிடிக்கட்டும்.