கேள்வி-பதில்: பழைய கால்பந்துக் கையேடு வாங்குகிறீர்களா?

பழைய விளையாட்டுப் புத்தகங்களைப் பற்றிப் போன மாதம் வந்த ஒரே ஒரு பதிலுக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன்.

கேள்வி (காட்பாடி): ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர் நான். ஸ்காட்லாந்தின் 'வீ ரெட் புக்' கையேடு, 1950களின் ஆறு இதழ்கள் என்று ஃபேஸ்புக்கில் ஒருவர் படம் போட்டிருந்தார். 4,800 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன். வந்தது ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்ட கட்டு. கேட்டால், "விஷயம் எல்லாம் உள்ளே இருக்கே சார்" என்கிறார். ஏமாந்தது என் தப்பா?

பதில்: இல்லை ஐயா, துளியும் இல்லை. இதழ் என்று சொல்லி நகலை அனுப்பியவர் மேல்தான் முழுத் தப்பும். ஆனால் சூடு ஆறுவதற்குள் சில வேலைகளை முடித்துவிடுங்கள். அவர் விளம்பரத்தை அழிப்பதற்கு முன்னால் அதையும் உங்கள் இருவரின் உரையாடலையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அவர் போட்டிருக்கும் மற்ற விற்பனை விளம்பரங்களையும் சேர்த்து எடுங்கள். அதற்குக் காரணம் உண்டு. தொடர்ந்து விற்பவர் என்று காட்டினால்தான் நுகர்வோர் சட்டத்தில் அவர் வியாபாரி ஆவார். வீட்டுப் பழசை ஒரே ஒரு தடவை விற்றவர் என்றால் வழக்கு அங்கே நிற்பது கஷ்டம். போலீஸ் புகார்தான் வழி. பார்சல் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அனுப்புநர் முகவரியும் டிராக்கிங் எண்ணும் அதில்தான் இருக்கின்றன.

சைபர் மோசடிக்கான 1930-ஐ உடனே அழைத்து, யுபிஐ பரிவர்த்தனை எண்ணோடு புகாரைப் பதியுங்கள். வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். பணத்தைத் திருப்பித் தர 15 நாள் கெடு வைத்து விற்றவருக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லையென்றால் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம்; விற்றவர் எந்த மூலையில் இருந்தாலும் சரி. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருஷ அவகாசம் உண்டு. 4,800 ரூபாய்க்காகவா என்று தயங்க வேண்டாம். உங்கள் பென்ஷன் காசு அது.

கேள்வி (குடியாத்தம்): ராத்மன்ஸ் கால்பந்து ஆண்டுநூல், 1968 முதல் பதிப்பு, 3,000 ரூபாய். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த நூலின் முதல் பதிப்பே 1970-71 ஆட்டப் பருவத்துக்குத்தான் வந்தது.

கேள்வி (வாலாஜாபேட்டை): ஆண்டுநூல், ஆண்டு மலர், கையேடு என்று விதவிதமாகச் சொல்கிறார்கள். என்ன வித்தியாசம்? புதிதாகச் சேர்ப்பவர் எதில் தொடங்கலாம்?

பதில்: மூன்றும் வேறு வேறு சரக்கு. விலை பேசுவதற்கு முன் இது தெளிவாக வேண்டும்.

ஆண்டுநூல் என்பது புள்ளிவிவரப் புத்தகம். போன பருவத்தின் ஒவ்வொரு ஆட்டமும், ஒவ்வொரு அணியின் ஆட்டக்காரர் பட்டியலும் இருக்கும். ராத்மன்ஸ் இந்த வகை. 2003-ல் அதன் பெயர் ஸ்கை ஸ்போர்ட்ஸ் என்று மாறியது. தலைப்பு மாறியதால் தொடர் முடிந்துவிட்டது என்று நினைத்துப் பாதியில் நிறுத்தியவர்கள் உண்டு. ஆண்டு மலர் என்பது கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் கெட்டி அட்டைப் படப் புத்தகம். முந்தைய ஆண்டு கடைசியிலேயே கடைக்கு வந்துவிடும், அட்டையில் அடுத்த ஆண்டு போட்டிருக்கும். அதனால் "1972 மலர்" என்றால் உள்ளே 1971 சேதிதான்.

கையேடு சட்டைப்பைக்கான புத்தகம். இங்கிலாந்தில் 1887-லேயே 'அத்லெட்டிக் நியூஸ்' பத்திரிகை கால்பந்துக்கென்று ஓர் ஆண்டிதழ் போட்டது. 1948-ல் பிளேஃபேர் ஆண்டிதழ் வந்தது. இவை நாடு முழுவதுக்கும். வட்டாரக் கையேடுகளின் கதை தனி. அங்கே சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டம் முடிந்த சூட்டோடு விற்கும் விளையாட்டுப் பத்திரிகைகள் ஊருக்கு ஊர் இருந்தன. பர்மிங்காமின் 'ஸ்போர்ட்ஸ் ஆர்கஸ்' 1897-ல் தொடங்கியது, ஷெஃபீல்டின் 'கிரீன் அன்' (அதாவது 'பச்சை ஒன்று') 1907-ல். தாளின் நிறத்தை வைத்தே மக்கள் பேப்பரை அடையாளம் சொல்வார்கள். பருவம் தொடங்கும்போது இப்படிப்பட்ட பத்திரிகைகள் தங்கள் வட்டார அணிகளுக்கு மெலிந்த கையேடு போடும் வழக்கம் இருந்தது. கிளாஸ்கோவின் 'ஈவினிங் டைம்ஸ்' 1928-ல் தொடங்கியதுதான் காட்பாடிக்காரர் தேடிய வீ ரெட் புக்.

தொடங்குவதற்கு என் யோசனை: ஒரே தலைப்பில் ஒரு பத்து வருஷத்தை எடுத்துக்கொண்டு அதை முழுசாக்குங்கள். நாலு தலைப்பில் பத்துப் பத்தாக வாங்கினால் எதுவும் முடியாது. மலர்கள் நிறைய அச்சாகி நிறைய பிழைத்திருக்கின்றன. அவசரப்பட்டு விலை கொடுக்காதீர்கள். கையேடுகள் பருவம் முடிந்ததும் குப்பைக்குப் போனவை. நல்ல பிரதி கண்ணில் பட்டால் தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி (ஆம்பூர்): எடைக்கடையில் ஒரு கால்பந்துப் போட்டி மலர் கிடைத்தது. அட்டையில் மையால் 1955 என்று எழுதியிருக்கிறது. விலை '25 நயா பைசா'. கடைக்காரர் 1955-க்கான விலை கேட்கிறார்.

பதில்: நயா பைசா புழக்கத்துக்கு வந்ததே 1957 ஏப்ரல் 1-ல். அதற்கு முன் அணாதான். 1964 ஜூனில் 'நயா' போய் வெறும் பைசா ஆனது. ஆக உங்கள் மலர் 1957-க்கும் 1964-க்கும் நடுவில் அச்சானது. பொய்யான சரக்கு இல்லை. யாரோ பிற்பாடு ஞாபகத்தில் எழுதிய வருஷம்தான் தப்பு. வாங்குங்கள், ஆனால் வருஷம் தெரியாத மலருக்கான விலையில்.

பொதுவாக எந்த மலருக்கும் வருஷத்தைக் கண்டுபிடிக்க விளம்பரங்களைப் படியுங்கள். நம் ஊர் மலர்களில் தோல் ஷாப்பு, பீடி மண்டி, ஓட்டல் விளம்பரம்தான் பாதிப் பக்கம். தேதி சொல்வதும் அவைதான். முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. 'சென்னை ராஜ்யம்' என்று இருந்தால் 1969 ஜனவரிக்கு முந்தியது. வெறும் 'வட ஆர்க்காடு மாவட்டம்' என்றால் பெரும்பாலும் 1989-க்கு முன். அந்த வருஷம்தான் திருவண்ணாமலை பிரிந்தது, மீதிக்கு 'வட ஆர்க்காடு அம்பேத்கர்' என்று பெயர் வந்தது. ஆம்பூருக்குத் 'திருப்பத்தூர் மாவட்டம்' என்று போட்டிருந்தால் 2019-க்குப் பிந்தியது.

கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சகப் பெயரும் ஊரும் இருக்கிறதா பாருங்கள். அந்தக் காலத்தில் 1867-ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி அச்சிட்டவர் பெயரைப் போட்டே ஆக வேண்டியிருந்தது. அந்த வரி இல்லாத "பழைய" மலரைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

கேள்வி (ராணிப்பேட்டை): ஆண்டு மலர்கள் 40, மொத்தமாக 18,000 ரூபாய் என்றார்கள். அடுக்கி வைத்த படம் ஒன்றுதான் அனுப்பினார்கள். பிரித்தால் 13 ஒரே வருஷத்து டபுள், நாலில் நடுப்பக்கம் இல்லை. திருப்ப மாட்டேன் என்கிறார்கள்.

பதில்: அந்த ஒரு படத்தைப் பெரிதாக்கி முதுகில் உள்ள வருஷங்களைப் படித்திருந்தால் 13 டபுளும் அப்போதே தெரிந்திருக்கும். 18,000 ரூபாய் கொடுத்துக் கறிவேப்பிலைக் கட்டு வாங்குவது போலவா வாங்குவது? "40 வேறு வேறு மலர்கள்" என்றோ "முழுமையானவை" என்றோ அவர் எங்காவது எழுதியிருந்தால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. விவரித்தபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. எழுதவில்லையென்றால், நடுப்பக்கம் இல்லாத நாலுக்கு மட்டும் பேசிப் பாருங்கள்.

இனிமேல் நாலு படம் கேளுங்கள்: முதுகு, அச்சக வரி உள்ள பக்கம், பின் (ஸ்டேப்ளர் கம்பி) தெரியும் நடுப்பக்கம், கடைசிப் பக்கம். பின் அடித்த புத்தகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு தாளும் மடித்து இரண்டு இலையாக நிற்பதால், அந்தத் தாளின் ஒரே முகத்தில் உள்ள இரண்டு பக்க எண்களைக் கூட்டினால் மொத்தப் பக்கத்தைவிட ஒன்று கூட வரும். 64 பக்கக் கையேட்டில் 16-க்கு ஜோடி 49, 15-க்கு ஜோடி 50. 15-16 கிழிந்து போயிருந்தால் 49-50 பிடிப்பில்லாமல் ஆடும். நேரில் வாங்கும்போது எந்த இலை ஆடுகிறது என்று பார்த்து, அதன் ஜோடியை உடனே தேடுங்கள்.

கேள்வி (ஆரணி): என்னிடம் மெலிந்த கையேடுகள் 20 இருக்கின்றன. ஒரே வால்யூமாக பைண்டிங் செய்தால் பாதுகாப்பாக இருக்குமா?

பதில்: செய்யாதீர்கள் அம்மா. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். பழைய கையேடுகளைப் பூச்சியைவிட அதிகமாகக் கொன்றது பைண்டிங்தான்.

என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஓரம் ஒரே சீராக இருக்க வேண்டும் என்று கட்டிங் மெஷினில் மூன்று பக்கமும் வெட்டுவார்கள். சட்டைப்பைக் கையேட்டில் ஓர வெள்ளையே கால் அங்குலம்தான். தலைப்பு வரி பாதி போகும். பக்கவாட்டில் ஊசி ஓட்டித் தைப்பார்கள். உள் ஓரத்தில் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் தையலுக்குள் புதைந்துவிடும். கோல் எண்ணிக்கை அச்சான பத்தி அங்கேதான் இருக்கும். புத்தகத்தை விரித்து அழுத்தினால் முதுகு உடையும். மைதா பசை இராமபாணப் பூச்சிக்குப் பிரியமான தீனி. மயில்துத்தம் கலந்தாலும் கொஞ்ச காலத்துக்குத்தான். எல்லாவற்றையும்விடக் கொடுமை, "இதெல்லாம் எதுக்கு" என்று அட்டைகளையும் விளம்பரப் பக்கங்களையும் முதலிலேயே கழற்றிப் போடுவது. அட்டை போனால் விலை, பருவம், வெளியிட்டவர் என எல்லாம் போயிற்று. நான் வாங்கியதிலேயே மோசமான சரக்கு இப்படிப்பட்ட ஒரு வால்யூம்தான்: எட்டுக் கையேடு, ஓர் அட்டைகூட இல்லை. எது எந்த வருஷம் என்று ஆட்டப் பட்டியலை வைத்துப் பிரிக்க வேண்டியதாயிற்று. திரும்ப விற்கவும் முடியாது, விற்கவும் கூடாது.

அதற்குப் பதில், ஒவ்வொரு கையேட்டையும் தனித்தனி பாலிபுரொப்பிலீன் உறையில் போட்டு, பின்னால் ஒரு கெட்டி அட்டை வைத்து, பெட்டியில் நிறுத்துங்கள். புது ரெயின்கோட் வாசம் அடிக்கும் பிவிசி உறை வேண்டாம். நாளாவட்டத்தில் மசிந்து அச்சு மையோடு ஒட்டிக்கொள்ளும். பின் துருப்பிடித்திருந்தால் வெளியிலிருந்து இழுக்காதீர்கள். நடுப்பக்கத்தை விரித்து, பின் கால்களுக்கு அடியில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி, மழுங்கிய கத்தி நுனியால் கால்களை நிமிர்த்துங்கள். பிறகு வெளிப்பக்கமிருந்து நேராகத் தூக்கினால் வந்துவிடும். அதே இரண்டு ஓட்டையில் பருத்தி நூலைக் கோத்து நடுப்பக்கத்தில் முடிச்சுப் போடுங்கள். புது ஓட்டை வேண்டாம்.

கேள்வி (திருப்பத்தூர்): அட்டையை மட்டும் லேமினேஷன் செய்யலாமா? கிழிசலுக்கு செலோ டேப்?

பதில்: இரண்டும் கூடாது. லேமினேஷன் திரும்பப் பிரியாது. டேப் காய்ந்து விழும், பசை மட்டும் பழுப்புக் கறையாக நிற்கும்.

கேள்வி (சத்துவாச்சாரி): வாங்கிய கட்டில் பூச்சி. மொட்டை மாடி வெயிலில் போடலாமா?

பதில்: வெயிலில் போடாதீர்கள். மலிவான மரக்கூழ்த் தாள் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் சீக்கிரமே பழுத்து ஒடியும். பாலிதீன் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி ஒட்டி, மைனஸ் 18 டிகிரி போகும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டி பெரும்பாலும் அவ்வளவு இறங்காது. வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு முழு நாள் விடுங்கள். முன்னாலேயே பிரித்தால் தாளில் நீர் கோத்துக்கொள்ளும். பிறகு பெயின்ட் பிரஷால் பக்கம் பக்கமாகத் தட்டுங்கள். புதிதாக வரும் எந்தக் கட்டையும் பழைய சேகரிப்போடு உடனே சேர்க்காதீர்கள்.

கேள்வி (தோட்டப்பாளையம்): 1966 உலகக் கோப்பை இறுதியாட்டப் புத்தகம் அசலா மறுஅச்சா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: அதற்கு மறுஅச்சு ஏராளம். அசல் என்று நிரூபிப்பது விற்பவர் வேலை. பத்து மடங்கு லென்ஸில் எழுத்தைப் பாருங்கள். ஸ்கேன் செய்து அடித்த மறுஅச்சு என்றால் எழுத்தின் விளிம்பே புள்ளி புள்ளியாகத் தெரியும். நேராக அச்சான எழுத்து கெட்டியாக நிற்கும். பின்னைச் சுற்றித் துருக்கறை இருந்து பின் மட்டும் பளபளத்தால், கறையே அச்சடித்த படம். 1930களின் புத்தகம் என்று சொல்லி விற்றால் கள்ள நோட்டுப் பார்க்கும் நீல விளக்கில் காட்டுங்கள். பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் அந்தத் தாளில் வெளுப்பூட்டும் ரசாயனம் இருக்கிறது. அது தாளில் பரவலானது 1950 வாக்கில்தான். 1966-க்கு இந்தச் சோதனை உதவாது.

கேள்வி (வேலூர்): இங்கிலாந்திலிருந்து நேரடியாக வரவழைத்தால் கட்டுப்படியாகுமா?

பதில்: கையேடு என்றால் ஆகும். ராத்மன்ஸ் போன்றது ஆகாது. பிற்காலப் பதிப்புகள் ஆயிரம் பக்கத்தைத் தொடும். புத்தகத்தைவிடத் தபால் செலவு கூட வரும். இறக்குமதிப் புத்தகத்துக்கு 2019-ல் போட்ட 5 சதவீத சுங்கவரியையும், கூரியர்காரர் தனியாகக் கேட்கும் கையாளும் கட்டணத்தையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (விருதம்பட்டு): ஓர் ஆங்கிலக் கையேடு, 1939-40. ஆட்டப் பட்டியலில் முதல் மூன்று ஆட்டங்களுக்கு மட்டும் யாரோ பென்சிலால் கோல் எழுதியிருக்கிறார்கள், மீதி காலி. பாதியில் விட்டுக் கெடுத்தது என்று சொல்லிக் குறைந்த விலைக்குத் தருகிறார். வாங்கலாமா? ரப்பரால் அழித்துவிடலாமா?

பதில்: வாங்குங்கள். முழு விலை கேட்டாலும் வாங்குங்கள். 1939 செப்டம்பர் 3-ல் பிரிட்டன் போர் அறிவித்தது. முந்தின நாள் சனிக்கிழமை ஆட்டங்களோடு அங்கே லீக் நின்றுபோனது. அதுவரை பெரும்பாலான அணிகள் ஆடியிருந்தது மூன்றே ஆட்டம். எழுதியவர் பாதியில் விடவில்லை, எழுத ஆட்டம் நடக்கவில்லை. ரப்பரைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.