பகடை உருட்டும் கடவுள்கள்: கேள்வி பதில்

பலர் சேர்ந்து ஓர் உலகைப் படைக்கும் டான் ஆஃப் வேர்ல்ட்ஸ் ஆட்டத்தை டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் எழுத்து வழியாக ஆறு வருடமாக ஆடுகிறேன், பாதி நாள் நடுவராக. எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கே: ஆட்டமே எனக்குப் புதிது. சுருக்கமாகச் சொல்லுங்களேன்?

ப: 2005இல் வந்தது, விதிகள் இலவசம். ஆளுக்கு ஒரு கடவுளைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். எதிரே வெற்று வரைபடம். சுற்றுக்கு இரண்டு ஆறு பக்கப் பகடை. விழுந்த கூட்டல்தான் உங்கள் சக்திப் புள்ளி. அதைச் செலவழித்து மலை எழுப்பலாம், தட்பவெப்பம் மாற்றலாம், ஓர் இனத்தையே படைக்கலாம். நிலம், இனங்கள், உறவுகள் என்று மூன்று யுகம். யுகம் மாறினால் விலையும் மாறும்.

கே: என் கடவுள் எல்லாம் வல்லவர், தோல்வியே கிடையாது. இப்படி வைக்கலாமா?

ப: வேண்டாம். தோற்கவே முடியாதவரோடு யாரும் கதை எழுத மாட்டார்கள்.

கே: "காட்மோடிங்" என்று என் பதிவை நீக்கிவிட்டார்கள். கடவுளாக ஆடும்போது அது எப்படித் தப்பாகும்?

ப: அடுத்தவர் பாத்திரத்துக்கு என்ன ஆனது என்று நீங்களே முடிவு செய்வதுதான் காட்மோடிங். நீங்கள் அனுப்பிய வரி இது: "என் இடியில் மலை பொடியானது, காட்டுத் தெய்வம் என் காலில் விழுந்தாள்." இடி உங்களுடையது. காட்டுத் தெய்வம் இன்னொருவருடையது. விழுவதா, எழுந்து நிற்பதா, சிரிப்பதா என்று அவர்தான் எழுத வேண்டும். அவர் வேலையிலிருந்து வந்து திறந்து பார்க்கும்போது, ஒரு மாதமாக வளர்த்த தெய்வம் காலில் கிடக்கிறாள். எப்படி இருக்கும்?

அதையே இப்படி எழுதுங்கள்: "இடி மலையின் மேல் இறங்கியது. புகைக்கு நடுவே அவளைத் தேடினேன்." அவ்வளவுதான், அங்கே நிறுத்திவிடுங்கள். மலை பிளந்ததா, அவள் எங்கே போனாள் என்பதெல்லாம் அவர் பங்கு. எத்தனை முறை வேண்டுமானாலும் இதைச் சொல்வேன்: உங்கள் வரியில் அடுத்தவர் கடவுளின் கை அசையக் கூடாது.

கே: முருகனை, காளியைச் சேர்க்கலாமா?

ப: கூடாது. ஒருவர் வீட்டுப் பூஜை அறையில் இருப்பவரை நாம் பகடை போட்டு நகர்த்தக் கூடாது. புதிதாகப் படையுங்கள்.

கே: முதல் யுகத்திலேயே என் இனத்தைப் படைக்கப் புள்ளி சேர்க்கிறேன். சரிதானே?

ப: சரியில்லை. முதல் யுகத்தில் ஓர் இனத்துக்கு 22 புள்ளி. இரண்டாம் யுகத்தில் அதே இனம் 6 புள்ளிதான்.

கே: (இன்னொருவர்) நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மூத்த இனம் என்ற பெருமை கதைக்கு எவ்வளவு பெரிய பலம்!

ப: கணக்கைப் பார்ப்போம். இரண்டு பகடைக்குச் சராசரி 7. மூன்று சுற்று சேர்த்தாலும் 21தான், பெரும்பாலும் நான்காவது சுற்றுவரை காத்திருக்க வேண்டும். அத்தனை நாளும் நீங்கள் எழுதுவது "என் கடவுள் தியானத்தில் இருக்கிறார்" என்பது மட்டும். அதற்குள் மற்றவர்கள் 3 புள்ளிக்கு ஒன்றாக ஆறு, பாலைவனம், தீவு என்று வரைபடத்தை நிரப்பிவிடுவார்கள். போதாததற்கு, கையிருப்பு 5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடுத்த சுற்றில் ஒரு புள்ளி கூடுதலாகக் கிடைக்கும். தொடர்ந்து அப்படியே செய்தால் அது 3 வரை ஏறும். செலவழிப்பவருக்குத்தான் விதியே சாதகம்.

கே: (அதே ஆள்) விதி சாதகமாக இருந்தால் போதுமா? எங்கள் ஆட்டத்தில் ஒருவர் காத்திருந்து படைத்த ஆமை மக்களைத்தான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

ப: அந்த ஆமை மக்கள் கதையை எனக்குத் தனியாக அனுப்பியிருந்தீர்கள், முழுவதும் படித்தேன். அவர் சும்மா காத்திருக்கவில்லையே! ஒவ்வொரு சுற்றிலும் அடுத்தவர் ஆற்றங்கரைக்குப் போய், "இங்கே முட்டை புதைத்து வைக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். நான்கு பேர் இடம் கொடுத்தார்கள். முட்டை பொரிந்தபோது அது நான்கு பேருடைய இனமாகவும் ஆகிவிட்டது. நினைவில் நிற்பது அதனால்தான். அப்படிச் செய்வதானால் 22 புள்ளியும் தகும், விட்டுக்கொடுக்கிறேன். வாய் திறக்காமல் சேர்ப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கே: 22 புள்ளி சேர்க்கலாமா?

ப: மேலே இருக்கிறது.

கே: என் கடவுளுக்குப் பலவீனமே வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ப: இரண்டாவது கேள்விக்குச் சொன்ன பதில்தான். கேட்பதற்கு முன் மேலே ஒருமுறை படித்துவிடுங்கள்.

கே: கணினி விளையாட்டில் ஆடுபவரே கடவுள்போல ஆவது எப்போது தொடங்கியது?

ப: 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த மட் என்ற எழுத்து விளையாட்டில் உச்சநிலையை எட்டியவர் மந்திரவாதி ஆவார். மற்ற ஆட்டக்காரர்களுக்கு இல்லாத சக்திகள் அவருக்குக் கிடைக்கும். எனக்குத் தெரிந்த பழைய உதாரணம் அது.

கே: என் வீரனுக்கு எந்த வாள் நல்லது?

ப: இது கடவுள் ஆட்டத்துக்கான பகுதி. வீரர்கள் ஆடும் குழுவில் கேளுங்கள்.

கே: இரண்டு வாரமாக எழுதுகிறேன். என் கடவுளை யாரும் கண்டுகொள்வதில்லை. விட்டுவிடலாமா?

ப: விடாதீர்கள். எனக்கும் இதே நடந்தது. உவரி என்று ஓர் உப்புத் தெய்வம் படைத்தேன். ஏரிக்கரையில் உட்கார்ந்து அழுகிறாள், அவள் கண்ணீர் கரிக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதினேன். ஒருவர்கூடப் பதில் எழுதவில்லை. அவள் துக்கத்தில் மற்றவர்கள் செய்வதற்கு ஒன்றுமே இல்லை என்பது எனக்கு உறைக்கவே பத்து நாளானது.

அப்புறம் மூன்றே வரி எழுதினேன். விடியும்போது ஒவ்வொரு ஊர் வாசலிலும் வாய் கட்டிய ஒரு ஜாடி இருந்தது. அதன்மேல் ஈரம். உவரியைக் காணவில்லை.

மறுநாள் காலைக்குள் மூன்று பேர் ஜாடியைத் திறந்துவிட்டார்கள். ஒருவருக்கு உப்பு கிடைத்தது, இன்னொருவருக்குக் கடலின் சத்தம். மூன்றாமவர் திறக்கும்போதே ஜாடியை உடைத்துவிட்டு, உவரியிடம் மன்னிப்புக் கேட்க ஏரிக்கு ஆள் அனுப்பினார். உங்கள் கடைசிப் பதிவை அனுப்புங்கள், ஜாடியை எங்கே வைக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.