‘எம்’ என்றால் மீடியமா?

பயனீட்டாளர் கேள்வி-பதில்

கே: தீபாவளிக்கு அன்பளிப்பாகக் கிடைத்த அங்பாவ் பணத்தைச் சேர்த்து வைத்திருந்த என் மகன், கேம் வாங்கியே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். வயது 11. கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவுக்கு அழைத்துப் போனேன். அவன் கேட்ட ஜிடிஏ 5 மூன்று கடைகளில் இருந்தது. ஒரு பெட்டியில் ‘எம்’, இன்னொன்றில் சிவப்புக் கட்டத்துக்குள் ‘18’, மூன்றாவதில் ‘இசட்’. விலையும் மூன்று விதம். ‘எம்’ என்றால் மீடியம், அதாவது சுமாரான சண்டைதான் என்கிறான். எதை நம்புவது ஐயா?
– ஒரு தாய், செந்தூல்

ப: உங்கள் மகன் வக்கீலுக்குப் படிக்கலாம் அம்மா. அந்த ‘எம்’ மீடியம் இல்லை. அது அமெரிக்கா, கனடாவில் கேம்களுக்கு வயது வகை போடும் இஎஸ்ஆர்பி அமைப்பின் முத்திரை. 17 வயதும் அதற்கு மேலும் என்று பொருள். ‘18’ ஐரோப்பாவின் பெகி முத்திரை. ‘இசட்’ ஜப்பானின் செரோ. அதுவும் 18 வயதுக்கு மேல்தான். மூன்று தரப்பினரும் அந்தக் கேமைப் பார்த்துவிட்டு ஏறக்குறைய ஒரே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள். 11 வயதுப் பிள்ளைக்கு மூன்றில் எதுவும் வேண்டாம்.

‘எம்’ என்ற எழுத்தையே நம்பி வாங்கினாலும் வம்புதான். அமெரிக்காவில் அது 17. சிங்கப்பூரில் ‘எம்18’ என்று போட்டால் 18. ஆஸ்திரேலியாவில் வெறும் ‘எம்’ என்றால் 15 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல என்ற ஆலோசனை மட்டுமே; கடைக்காரர் யாருக்கும் விற்கலாம். ‘எம்ஏ15+’ என்று போட்டால்தான் அங்கே சட்டம் குறுக்கே வரும். ஜப்பான் முத்திரை நம் ஊர் ரிப்போர்ட் கார்டுக்கு நேர் எதிர்: ஏ எல்லாருக்கும், பி 12, சி 15, டி 17, இசட் 18. நிறத்தையும் நம்பாதீர்கள். ஜெர்மனியின் யூஎஸ்கே முத்திரையில் பச்சை என்றால் 12 வயது. பெகியில் அதே பச்சை 3, 7 வயதுப் பிள்ளைகளுக்கு உரியது.

நாட்டுக்கு நாடு ஏன் இப்படி என்று கேட்டால், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று உறுத்துகிறது. ஜெர்மனியில் 2018 வரை கேமுக்குள் நாஜிச் சின்னமே வரக்கூடாது. ஆஸ்திரேலியாவுக்குப் போதைப்பொருள். 2008-இல் ‘ஃபால்அவுட் 3’ கேமில் வலி தெரியாமலிருக்க மார்ஃபின் என்று நிஜப்பெயரோடு ஒரு மருந்து வந்தது. அதற்காகவே அங்கே அனுமதி மறுத்தார்கள். தயாரித்தவர்கள் ‘மெட்-எக்ஸ்’ என்று பெயரை மாற்றினார்கள், அனுமதி கிடைத்தது. ஊசி அதே ஊசிதான்! அமெரிக்கர்கள் துப்பாக்கிச் சூட்டைப் பார்த்துப் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை, படுக்கையறைக் காட்சி என்றால் துள்ளுவார்கள். 2005-இல் ‘ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்’ கேமுக்குள் ஒளிந்திருந்த அப்படியொரு காட்சியை யாரோ வெளியே கொண்டுவர, ‘எம்’ முத்திரை பெரியவர்களுக்கு மட்டுமான ‘ஏஓ’ ஆனது.

ஆகவே எண்ணைப் பார்த்ததும் பெட்டியைத் திருப்புங்கள். பெகி பெட்டியின் பின்பக்கம் சின்னச் சின்னக் கறுப்புச் சதுரங்கள் இருக்கும்: கைமுட்டி என்றால் வன்முறை, பேச்சுக்குமிழ் என்றால் கெட்ட வார்த்தை, ஊசி என்றால் போதைப்பொருள், பகடை என்றால் சூதாட்டம். அமெரிக்கப் பெட்டியில் இதையே வார்த்தையில் எழுதியிருப்பார்கள். எண்ணைவிட இதுதான் உங்களுக்குப் பயன்படும். பிள்ளைக்கு வேறு கேம் தேடுகிறீர்கள் என்றால் ‘மைன்கிராஃப்ட்’ இருக்கிறது. ஐரோப்பாவில் 7, அமெரிக்காவில் 10-க்கு மேல்.

விலையும் மூன்று விதம் என்று எழுதியிருந்தீர்கள். முத்திரை எந்த நாட்டுடையதோ, பெரும்பாலும் டிஸ்க்கும் அந்த நாட்டுப் பதிப்புதான். நானே ஒருமுறை விலை குறைவு என்று செரோ முத்திரை உள்ள ஒரு டிஸ்க்கை வாங்கி வந்து போட்டேன். மெனு முழுக்க ஜப்பானிய எழுத்து. ‘ஸ்டார்ட்’ எங்கே என்று தேடவே கால்மணி நேரம் ஆயிற்று. பிளேஸ்டேஷனில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிஎஸ்4, பிஎஸ்5 டிஸ்க் எந்த நாட்டதானாலும் ஓடும். ஆனால் பிறகு காசு கொடுத்து வாங்கும் கூடுதல் பாகங்கள், டிஸ்க்கும் உங்கள் கணக்கும் ஒரே பிராந்தியத்தைச் சேர்ந்தவையாக இருந்தால்தான் பொருந்தும். வாங்குமுன் கடைக்காரரிடம் இந்த ஒன்றைக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

கே: 14 வயதான என் அக்காள் மகனுக்கு, 18 என்று கொட்டை எழுத்தில் போட்ட கேமைக் கடைக்காரர் விற்றிருக்கிறார். கேட்டால், “பையன் காசு கொடுத்தான், நான் கொடுத்தேன்” என்கிறார். வழக்குப் போட முடியுமா?
– பிரிக்பீல்ட்ஸ் வாசகர்

ப: கோபம் நியாயம், வழக்கு நிற்காது. அந்த 18 ஐரோப்பாவின் எண். பிரிட்டனில் 2012 முதல் பெகி 12, 16, 18 கேம்களை வயது குறைந்தவர்களுக்கு விற்பது சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் அப்படி ஒரு கலிஃபோர்னியச் சட்டத்தை உச்ச நீதிமன்றமே 2011-இல் தள்ளுபடி செய்துவிட்டது. அங்கே கடைகள் தாமாக வயது கேட்பதோடு சரி. நம் மலேசியாவில் தியேட்டர் படங்களுக்குத் தணிக்கை வாரியத்தின் வயது வகை உண்டு. கேம் பெட்டிகளிலோ நீங்கள் பார்ப்பதெல்லாம் வெளிநாட்டு முத்திரை. அது கோலாலம்பூர் கடைக்காரரைக் கட்டுப்படுத்தாது.

கடைக்காரர் பொய் சொல்லி விற்றிருந்தால் கதை வேறு. ‘ஆங்கிலப் பதிப்பு’ என்று சொல்லிவிட்டு ஜப்பானியப் பதிப்பைக் கொடுத்தால், விவரித்தபடி பொருள் இல்லை என்று 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் தேவையில்லை. ரசீதை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ‘பில் வேண்டாம் பாஸ்’ என்று சொல்லிவிட்டு வருபவர்கள்தான் பிறகு எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

கே: முத்திரையில் 3 வயது என்று இருந்ததால் நம்பிக் கால்பந்து கேம் வாங்கிக் கொடுத்தேன். ஒன்பது வயது மகன் என் கார்டில் 380 ரிங்கிட்டுக்கு ‘பேக்’ வாங்கித் தள்ளியிருக்கிறான். பேக்கைத் திறந்தால் எந்த ஆட்டக்காரர் வருவார் என்றே தெரியாதாம். இது சூதாட்டம் இல்லையா?
– ஒரு தந்தை, பட்டர்வொர்த்

ப: என்னைக் கேட்டால் சூதாட்டம்தான். பெல்ஜியம் 2018-இல் அப்படித்தான் முடிவெடுத்து, காசுக்கு விற்கும் இத்தகைய ‘பேக்’குகளைத் தடுத்தது. மற்ற நாடுகள் மெதுவாக வருகின்றன. ஆஸ்திரேலியாவில் 2024 செப்டம்பர் 22-க்குப் பிறகு வகைப்படுத்தப்படும் கேம்களில் இப்படிக் காசுக்குக் குலுக்கல் இருந்தால் குறைந்தது ‘எம்’ போட்டாக வேண்டும்.

அந்த 3 என்ற எண், திரையில் என்ன தெரிகிறது என்பதை வைத்துப் போட்டது. புல்தரை, பந்து, கோல். ரத்தம் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. உங்கள் கார்டு அந்தக் கணக்கிலேயே வரவில்லை. இதில் எனக்கு ஆறாத எரிச்சல் ஒன்று உண்டு. ‘பலாட்ரோ’ என்று ஒரு சீட்டுக்கட்டுக் கேம். உள்ளே ஒரு சென்னுக்குக்கூட எதையும் விற்பதில்லை. போக்கர் சீட்டு தெரிகிறது என்பதற்காக 2024-இல் பெகி அதற்கு 18 போட்டது. அமெரிக்காவில் அதே கேமுக்கு 10-க்கு மேல். மேல்முறையீடு செய்த பிறகு 2025 பிப்ரவரியில்தான் 12-ஆகக் குறைத்தார்கள். காசு பிடுங்காத சீட்டுக்கு 18, காசு பிடுங்கும் கால்பந்துக்கு 3!

உங்கள் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ஒரு கை கார்டைப் பிடித்திருப்பது போன்ற சின்னமும், அதோடு உள்ளே வாங்கும் பொருள்கள் குலுக்கல் முறையில் வரும் என்ற வரியும் இருக்க வாய்ப்புண்டு. அந்த வரியை பெகியும் இஎஸ்ஆர்பியும் 2020-இல்தான் சேர்த்தன. பழைய டிஸ்க் என்றால் இருக்காது.

பணத்துக்கு: உடனே கேம் நிறுவனத்துக்கும் வங்கிக்கும் எழுதுங்கள், பிள்ளை வாங்கியது என்று தேதி, தொகையோடு சொல்லுங்கள். திரும்பக் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். பிறகு கார்டை அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். பிளேஸ்டேஷனில் பிள்ளைக்குத் தனிக் கணக்கு திறந்தால் மாதச் செலவு வரம்பு வைக்கலாம். பூஜ்யம் என்றே வையுங்கள். ஜார்ஜ்டவுனில் இருக்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் உங்களுக்குப் பாலம் தாண்டினால் பக்கம்தானே. நேரில் போய் முறையிடலாம்.

கே: கைப்பேசியில் பிளே ஸ்டோரில் ‘7+’ என்று வருகிறதே, அதை யார் போடுகிறார்கள்?
– கல்லூரி மாணவி, பினாங்கு

ப: கேமைச் செய்தவரே ஒரு கேள்வித்தாளை நிரப்புகிறார்: ரத்தம் உண்டா, சூதாட்டம் உண்டா, முன்பின் தெரியாதவர்கள் பேசிக்கொள்ள முடியுமா என்று. ஐஏஆர்சி என்ற அமைப்பு அந்தப் பதில்களை வைத்து நாட்டுக்கு ஒரு முத்திரை கொடுக்கிறது. பொய் சொன்னது தெரிந்தால் மாற்றுவார்கள். ஆப்பிள் கடைக்கு அதன் சொந்த வயதுக் கணக்கு உண்டு, அதனால் ஒரே கேமுக்கு அண்ணன் போனில் ஒரு எண்ணும் தம்பி போனில் ஒரு எண்ணும் வந்தால் போன் கெட்டுவிட்டது என்று நினைக்கவேண்டாம்.